வெளிமாநிலக் குடும்பங்களுக்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் சேர்த்து இலவச சட்ட உதவிக் கூட்டம் நடத்துவது எப்படி?

கேள்வி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் ஒரு பகுதியில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவின் லைன் வீடுகளில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. மற்ற வீடுகளில் இருப்பவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்பு தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைப்புக்காக வந்து, இன்று உள்ளூர்க்காரர்களாகவே ஆகிவிட்டவர்கள். நான் சட்டம் படித்தவள் அல்லள். தமிழும் ஓரளவு இந்தியும் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால், தாளோடு யாராவது வந்தால் வாசித்துச் சொல்வேன்.

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பெண், பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டு வந்தார். அவருடைய கணவர் அயர்ன் மாஸ்டராக வேலை செய்தவர். ஒப்பந்தக்காரர் இரண்டு மாதச் சம்பளத்தைத் தராமலேயே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். வருகைக் கணக்குக்கான தாள் என்று சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தாளில் தமிழில் எழுதியிருந்தது இதுதான்: எனக்கு வர வேண்டிய தொகை முழுவதையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எவ்விதப் பாக்கியும் இல்லை. அதன் கீழே ஒடியா எழுத்தில் அவருடைய கையெழுத்து. நான் பொருள் சொன்னதும் அந்தப் பெண் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார்.

நேற்று, எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வக்கீல் நோட்டீஸைப் பத்து நாட்களாகப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பது தெரிய வந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்கியபோது, தொகை நிரப்பாத இரண்டு காசோலைகளிலும் ஒரு புரோநோட்டிலும் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பிரித்துப் பார்த்தால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில் அப்படியே வைத்துவிட்டார்.

ஒருவர் வெளிமாநிலத்தவர், ஒருவர் உள்ளூர்க்காரர். இருவருக்கும் நேர்ந்தது ஒன்றேதான். ஆகவே மாதத்தில் ஒரு நாள் மாலையில் இரு தரப்புக் குடும்பங்களையும் ஒன்றாக உட்கார வைத்து, வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு தாள்களை வாசித்து வழிகாட்டவும், அடிப்படைச் சட்டங்களைச் சொல்லித் தரவும் நாங்கள் சிலர் விரும்புகிறோம். அரசின் இலவச சட்ட உதவி இந்த ஊரில் ரேஷன் அட்டையோ வாக்காளர் அட்டையோ இல்லாதவர்களுக்கும் கிடைக்குமா? சட்டம் படிக்காத நாங்கள் எதுவரை செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் 1: இலவச சட்ட உதவி வழங்கும் அரசு அமைப்பான சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் ஒருவர்

கூட்டத்தைப் பற்றிப் பேசும் முன், அந்த இரண்டு தாள்களைப் பற்றிப் பேச வேண்டும். அவற்றுக்கு நாள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கு வந்திருப்பது காசோலை பணமில்லாமல் திரும்பியதற்கான நோட்டீஸாக இருந்தால், அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்தாவிட்டால் எதிர்த்தரப்பு குற்றவியல் வழக்குத் தொடர முடியும். பத்து நாட்கள் போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே பிரித்துப் பாருங்கள். நோட்டீஸ் வந்த தபால் உறையையும் பத்திரப்படுத்துங்கள், ஏனென்றால் அதிலுள்ள முத்திரைத் தேதி பின்னால் தேவைப்படும். வெற்றுக் காசோலை என்பதாலேயே வழக்கு விழுந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியன்று. கையெழுத்து தம்முடையது என்று ஒப்புக்கொண்டால், அந்தத் தொகைக்குக் கடன் இருந்ததாகவே சட்டம் முதலில் அனுமானிக்கும். அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. உண்மையில் வாங்கிய தொகை எவ்வளவு, இதுவரை எத்தனை தவணை கட்டினார், யார் முன்னிலையில் கட்டினார் என்பதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வட்டி வரம்பு மீறியதாக இருந்தால், தமிழ்நாட்டில் 2003-இல் இயற்றப்பட்ட கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ்த் தனியாகவும் நடவடிக்கை எடுக்க இடமுண்டு.

அயர்ன் மாஸ்டர் விஷயத்தில், அந்தக் கையெழுத்து எதிர்த்தரப்புக்கு ஒரு சான்று என்பது உண்மை. ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பொருளை யாரும் விளக்கவில்லை, முந்தைய மாதங்களில் வங்கிக் கணக்குக்கு வந்த சம்பளம் அந்த இரண்டு மாதங்களில் மட்டும் வரவில்லை என்பவற்றை எடுத்துக் காட்டி அதை மறுக்கலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குப் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால், யாருடைய கம்பெனியில் வேலை நடந்ததோ அந்த முதன்மை வேலையளிப்பவர் கொடுக்கக் கடமைப்பட்டவர். நீங்கள் தேட வேண்டிய பெயர் ஒப்பந்தக்காரருடையது மட்டுமன்று என்பதை நினைவில் வையுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. இலவச சட்ட உதவி யாரோ மனமிரங்கிச் செய்யும் தருமமாகப் பலராலும் பார்க்கப்படுகிறது. ஆனால் அது சட்டம் தந்த உரிமை. பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்பதற்காக 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் 39அ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் வழியில் வந்த 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆவது பிரிவு, உதவி பெறத் தகுதியுள்ளவர்களை வரிசையாகச் சொல்கிறது: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமை வேலைக்கோ ஆளானவர்கள், பேரிடராலும் சாதிக் கொடுமையாலும் பாதிக்கப்பட்டவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள். இவர்களில் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு மாநில அரசு வகுத்த வருமான உச்சவரம்பு உண்டு; அதற்கும் விண்ணப்பதாரர் தரும் உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமானதாக ஏற்கச் சட்டம் இடமளிக்கிறது. இந்த ஊரில் ரேஷன் அட்டை இருக்க வேண்டும், இந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்றெல்லாம் அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. ஆகவே ஒடிசாப் பெண்ணும் உங்கள் பக்கத்து வீட்டு அம்மையாரும், பெண்கள் என்ற ஒரே காரணத்தாலேயே, தங்கள் வழக்குகளுக்குச் சமமான தகுதி பெற்றவர்கள்.

இலவசம் என்பதில் வழக்கறிஞர் மட்டுமின்றி நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், ஆவணங்களைத் தட்டச்சு செய்யவும் மொழிபெயர்க்கவும் ஆகும் செலவு, தீர்ப்பு நகல் எல்லாம் அடங்கும். நியமிக்கப்படும் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. போக்குவரத்துச் செலவு, குமாஸ்தா செலவு என்று கேட்டாலும் தவறுதான். அப்படி நடந்தால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வழக்கறிஞரைக் கேட்கலாம். அந்தச் செயலாளரும் ஒரு நீதிபதியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் இயங்குகின்றன. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த சுக் தாஸ் என்பவரின் வழக்கில், வழக்கறிஞர் இல்லாமலேயே விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டவர் தாமாகச் சட்ட உதவி கேட்கவில்லை என்பதைக் காரணமாக ஏற்காமல், உச்ச நீதிமன்றம் 1986-இல் அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது. உரிமை இருப்பதே தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிநாதம். நீங்கள் நடத்த நினைக்கும் கூட்டத்தின் தேவையும் அங்கேதான் தொடங்குகிறது.

பதில் 2: ஏழு ஆண்டுகளாகச் சட்டத் தன்னார்வலராக இருப்பவர்

வழக்கறிஞர் அம்மா சட்டத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் கூட்டம் நடத்துவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் மாவட்ட ஆணைக்குழுவுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினால், பட்டியல் வழக்கறிஞர் ஒருவரையும் என்னைப் போன்ற தன்னார்வலர் ஒருவரையும் முகாமுக்கு அனுப்பி வைப்பார்கள். அதற்குப் பணம் எதுவும் தர வேண்டியதில்லை. ஞாயிறு மாலையாக வையுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் வரை எவருக்கும் மனம் ஓரிடத்தில் நிற்காது. இடம் அங்கன்வாடியாகவோ பள்ளியாகவோ இருக்கட்டும். லைன் வீட்டு உரிமையாளரின் மாடியிலோ கம்பெனியின் விடுதியிலோ வைத்தால், எந்தப் புகாரை எவர் சொல்ல வேண்டுமோ அவர் வாயே திறக்கமாட்டார்.

சொற்பொழிவோடு தொடங்காதீர்கள். எங்கள் முதல் இரண்டு முகாம்களில் ஒரு மணி நேரம் சட்டங்களின் பெயர்களைச் சொன்னோம். மக்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் முறை, வீட்டில் புரியாமல் கிடக்கும் தாள் எதுவானாலும் எடுத்து வாருங்கள் என்று மட்டும் அறிவித்தோம். ஒருவர் காப்பீட்டுக் கடிதம் கொண்டு வந்தார், ஒருவர் மின்வாரிய நோட்டீஸ், ஒரு பாட்டி தம் பெயரில் இல்லாத பட்டாவின் நகல். அந்தத் தாள்களை, உரியவர் சம்மதத்தோடும் பெயரை மறைத்தும், நடுவில் வைத்துப் பேசியபோதுதான் மற்றவர்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். வாடகைக்கு முன்பணம் எவ்வளவு வாங்கலாம் என்று ஒடிசா இளைஞர் கேட்ட கேள்விக்குப் பதிலை எழுதிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள்.

மொழிபெயர்ப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். தமிழ் தெரிந்தவர் என்பதற்காக ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியை அழைத்துவிடாதீர்கள். மனைவி பேசுவதைக் கணவர் மொழிபெயர்ப்பதும், பள்ளியில் தமிழ் கற்ற சிறு பிள்ளையைத் தாயின் துயரத்துக்கு மொழிபெயர்ப்பாளராக ஆக்குவதும் கூடாது. இந்தி எல்லோருக்கும் தெரியும் என்ற எண்ணமும் தவறு. ஒடிசாவின் உட்பகுதிகளிலிருந்து வரும் பெண்கள் பலருக்கு இந்தி நமக்கு இருப்பதைப் போலவே அந்நியம்.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆரம்ப நாட்களில் ஒரு பெண் அடி வாங்கிய காயத்தோடு முகாமுக்கு வந்தார். நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு, கணவரையும் வரவழைத்து, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமாதானம் பேசினேன். கணவர் தலையாட்டினார். அன்றிரவே அவர் அந்தப் பெண்ணின் போனைப் பிடுங்கி உடைத்துவிட்டார் என்று இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு மாதங்களும் அந்தப் பெண் எங்களை அழைக்க வழியின்றி இருந்திருக்கிறார். அன்று முதல் குடும்ப வன்முறை என்று வந்தால் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கிறேன், சமாதானம் என்ற சொல்லை நானாக எடுப்பதில்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலரையும் சொல்லி, அவர் விரும்பினால் உடன் செல்கிறேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். திருமணம் பீகாரில் நடந்தது, அங்கே போய்ச் சொல் என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டாம். காவல் நிலையத்திலும் அப்படித்தான்: குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் முதல் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவே சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கு அறிக்கையின் நகல் இலவசம்.

எதைச் செய்யக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். வாசித்துச் சொல்லலாம், படிவம் நிரப்பலாம், துணைக்குப் போகலாம், தேதிகளைக் குறித்து நினைவூட்டலாம். வழக்கு ஜெயிக்கும் என்று சொல்லாதீர்கள். அசல் ஆவணத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்; போனில் படம் எடுத்துவிட்டு அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பதில் 3: அரசுப் பள்ளி ஆசிரியை

நீங்கள் கேட்காத ஒன்றைச் சேர்க்கிறேன். பிள்ளைகளுக்கான உரிமையை முதல் கூட்டத்திலேயே பேசுங்கள். அதில் உள்ளூர்க் குடும்பத்துக்கும் வெளிமாநிலக் குடும்பத்துக்கும் உரசல் கிடையாது, தாய்மார்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

மாற்றுச் சான்றிதழ் ஊரிலேயே இருக்கிறது, ஆதார் இல்லை, பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்லை, கல்வியாண்டு பாதி முடிந்துவிட்டது என்ற நான்கு காரணங்களால் பிள்ளைகள் வீட்டில் நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுள்ள எந்தப் பிள்ளையையும் இவற்றைக் காட்டித் திருப்பி அனுப்ப அனுமதிக்கவில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறிவிட்டது. பத்து வயதுப் பிள்ளையை, தமிழ் தெரியாது என்பதற்காக முதல் வகுப்பில் உட்கார வைப்பதும் சரியன்று. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதே சட்டம்.

இங்கே பிறக்கும் குழந்தைகளின் பிறப்பை இங்கேதான் பதிவு செய்ய வேண்டும். சொந்த ஊருக்குப் போய்ப் பதிந்துகொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 21 நாட்களுக்குள் கட்டணமில்லை. ஓராண்டைக் கடந்துவிட்டால் நடுவரின் ஆணை வரை போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பல தேவைகளுக்கும் பிறந்த தேதிக்கான ஆவணமாகப் பிறப்புச் சான்றிதழே கேட்கப்படும் என்பதால், கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கு இதை நேரில் போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பக்கத்து வீட்டு அக்காவின் நோட்டீஸை அன்றே பிரித்தோம், பதினோராவது நாள். ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, வழக்கறிஞர் நியமிக்கப்பட்டு, கெடு முடிவதற்குள் பதில் நோட்டீஸ் போய்விட்டது. கட்டிய தவணைகளை அவர் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தது இப்போதுதான் பயன்பட்டது.

அயர்ன் மாஸ்டரின் புகாருக்குப் பிறகு ஒப்பந்தக்காரர் தாமே ஆள் அனுப்பி, பாதித் தொகை தருகிறேன், இரு தரப்பும் பேசி உடன்பாடு காணும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) முடித்துக்கொள்ளலாம் என்கிறார். ஊருக்குப் போக வேண்டும், கிடைத்ததை வாங்கிக்கொள்வோம் என்று அவரும் நினைக்கிறார். சம்மதிக்கலாமா?

பதில் 1-இல் எழுதிய வழக்கறிஞர்

சம்மதிப்பதும் மறுப்பதும் அவருடைய உரிமை. அவருக்குப் பதிலாக நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. ஆனால் முடிவெடுக்கும் முன் அவருக்குச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். வழக்காகப் பதிவாகாத தகராறையும் மக்கள் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அங்கே ஏற்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் முறையீடு கிடையாது. பணம் வராவிட்டால் அந்த ஆணையை வைத்தே வசூலிக்கலாம் என்பது அதன் பலம். பாதிக்கு ஒப்புக்கொண்டபின் மீதியை மறுபடி கேட்க முடியாது என்பது அதன் விலை. அங்கே இருப்பவர்கள் எவரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒத்துவரவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், புகார் அப்படியே நிற்கும்.

எந்தெந்த நாட்களில் வேலை செய்தார், ஒரு நாள் சம்பளம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கை முதலில் எழுதி முடியுங்கள். எதில் பாதி என்பதே தெரியாமல் பாதிக்குச் சம்மதிப்பது நியாயமாகாது. உடன்பாடு ஏற்பட்டால், தொகை அன்றைக்கே வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். தவணை என்றால் ஒவ்வொரு தேதியும், தவறினால் முழுத் தொகையும் உடனே தர வேண்டும் என்ற வரியும் ஆணையில் இருக்கட்டும். ஒடியா தெரிந்த ஒருவரை ஆணைக்குழு மூலமாகவே ஏற்பாடு செய்யச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கையெழுத்துக்கு முன் ஆணை முழுவதையும் அவர் மொழியில் வாசித்துக் காட்டும்படி மக்கள் நீதிமன்ற அமர்வினரிடம் கேட்கத் தயங்க வேண்டாம், மறுக்கமாட்டார்கள்.

அன்றைக்கு அவருடைய மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்தத் தாளை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் அவர்தான்; இந்த ஆணையும் அவர் காதில் விழட்டும்.